வைத்தியர் மகனின் முதுகு

பேருந்தைப் பிடிக்க ஓடியபோதுதான் வான்நிங்கின் கையிலிருந்து அந்தப் பெரிய நீலப் பந்து நழுவியது.

ஒரு கையில் குடை, இன்னொரு கையில் இடுப்பளவு உயரமுள்ள உடற்பயிற்சிப் பந்து. தைவானின் கீலுங் துறைமுக நகரத்து மழைக்காற்று சும்மா விடுமா? பந்து ஒரு துள்ளு துள்ளி, கோயில் தெருச் சரிவில் குதித்துக் குதித்து ஓடியது.

எதிரே வந்த பேருந்து சடக்கென்று நின்றது. ஓட்டுநர் குதித்து இறங்கினான். ஓடிப்போய் வழிமறித்தான், குனிந்தான், இரண்டு கையாலும் பந்தை அணைத்துப் பிடித்தான்...

பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

"ரொம்ப நன்றிங்க. குடுங்க" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் வான்நிங்.

அவன் கொடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"ஏங்க... பந்தைக் குடுங்களேன்."

"ஒரு நிமிஷம்..." குரல் பந்துக்குள்ளிருந்து வந்தது.

"டிரைவர் தம்பி! பந்தைக் கொஞ்சினது போதும், வண்டியை எடு!" என்று ஜன்னல் வழியே கத்தினாள் காய்கறிப் பையோடு இருந்த ஓர் அம்மாள்.

வான்நிங்குக்குச் சட்டென்று புரிந்தது. தினமும் இப்படி மடங்கிய முதுகுகளோடு பழகுகிற பிசியோதெரபிஸ்ட் அவள்.

"மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க. மெல்ல விடுங்க. முட்டியை லேசா மடக்குங்க. பாரத்தைப் பந்து மேல போடுங்க... ஆங், அப்படித்தான். இப்ப வாங்க."

அவன் அங்குலம் அங்குலமாக எழுந்தான். முதலில் நனைந்த தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு... கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வலியும் வெட்கமும் கலந்த அந்தப் பார்வை... ‘ஐயோ, இவ்வளவு அழகான கண்ணை இந்த நேரத்திலா காட்டுவது?’ என்று நினைத்துக்கொண்டாள் வான்நிங்.

"எவ்வளவு நாளா இந்த வலி?"

"எந்த வலி? பந்து வழுக்குச்சு, அவ்வளவுதான்."

"அவனுக்கா வலி?" ஜன்னல் அம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். "கோ வைத்தியரோட பையன்மா அவன்! அவங்கப்பா தொட்டாலே ஊர் வலியெல்லாம் ஓடிப்போகும்!"

வான்நிங்குக்கும் கோ வைத்தியரின் அமுக்கு வைத்தியக் கடையைத் தெரியும். ‘தொட்டால் ஓடும் வலி’ என்று பச்சை விளக்கில் பெரிய பலகை. வைத்தியர் மகனுக்கே முதுகுவலி என்றால் அந்தப் பலகையை யார் மதிப்பார்கள்?

வண்டியில் ஏறும்போது அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "துறைமுகத்துக்குப் பக்கத்துலதான் எங்க கிளினிக். வாங்க."

"பஸ் அட்டையை மெஷின்ல தேய்ச்சிட்டு உள்ள போங்க" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்தபடி.

அந்தக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரமே வந்தான். தொப்பி, முகமூடி, மழை நாளில் கறுப்புக் கண்ணாடி.

"பேரு?"

"லின்."

காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். கோ போஹான் என்றிருந்தது. கீழே புகைப்படத்தில் அதே கண்கள்.

"சரிங்க மிஸ்டர் லின். அட்டைக்கும் முகமூடி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

கறுப்புக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

டாக்டர் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தார். எலும்பிலோ நரம்பிலோ பெரிய கோளாறு எதுவும் இல்லை. "அப்ப ஏன் ரெண்டு வருஷமா வலிக்குது? நான் நடிக்கிறேனா?" என்று சீறினான் போஹான்.

"யார் சொன்னா? வலி நிஜம்தான். தீ அணைஞ்சு போச்சு, ஆனா அபாய மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு. குனிஞ்சா வலிக்கும்னு பயந்து நீங்க குனியறதையே விட்டுட்டீங்க. முதுகு இன்னும் இறுகிப்போச்சு, மணி இன்னும் சத்தமா அடிக்குது. கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சு காட்டித்தான் அதைச் சமாதானப்படுத்தணும்."

"ஒரே அமுக்குல போகாதா?"

"போகும்னா உங்க வீட்டுலயே போயிருக்குமே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினான். சொல்ல முடியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி, வலி குறைஞ்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"பயமில்லாம ஒரு தும்மல் போடணும்."

வான்நிங் சிரித்தாள். அவனும் சிரிக்கப் போனான்... பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நான்கு காலில் பூனைபோல் முதுகை வளைப்பது, துறைமுகத்தை ஒட்டித் தினமும் ஒரு நடை. முதல் சில நாள் வலி கூடியது போலவே இருந்தது. முறைத்தான். "முறைக்கிறதுக்கும் ஒரு செட் இருக்கு, அப்புறம் பண்ணலாம்" என்றாள் அவள். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. ஒருநாள் ஓடி வந்தான். "ஷூ லேஸை நானே கட்டினேன்! நின்னுக்கிட்டே!" பள்ளிக்கூடப் பரிசை நீட்டுகிற முகம். அன்றைக்கு அவன் முதுகில் கை வைத்தபோது, அவள் விரல்களுக்கு என்னவோ ஆயிற்று...

‘வேண்டாம் வான்நிங். அவன் உன் பேஷண்ட்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல்களின் காதில் அது விழவில்லை.

மாலை நடையில் ஒருநாள் கோயில் தெருவில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். மழை வலுக்க, ஒரே கடைக்குள் ஒதுங்கி மீன் உருண்டை சூப் வாங்கினார்கள். ஒரே மேசை. ஆவிக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள்...

"உங்களுக்குக் கொத்தமல்லி பிடிக்காதா?" அவள் ஓரமாக ஒதுக்கிய இலைகளை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார் கோ வைத்தியர்.

"டேய் போஹான்! யார்டா இந்தப் பொண்ணு?"

போஹானின் முகம் வெளிறியது. "தெ... தெரியாதுப்பா. பஸ்ல வர்றவங்க யாரோ."

யாரோ!

வான்நிங் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாங்க ஐயா. வழி கேட்டேன். சொல்லிட்டாரு" என்றவள், குடையை விரிக்கக்கூட மறந்து மழைக்குள் நடந்தாள்.

அடுத்த முறை கிளினிக்கில் திரை விலகியபோது, முன்னால் நின்றவர் டூ, அங்கேயே இன்னொரு பிசியோதெரபிஸ்ட். முன்னாள் ஜூடோ வீரர். கை ஒவ்வொன்றும் தூண் மாதிரி.

"வான்நிங்..?" என்றான் போஹான்.

"இனிமே நான்தான். படுங்க தம்பி" என்றார் டூ.

டூவும் கைதேர்ந்தவர்தான். முதுகு தேறிக்கொண்டே வந்தது. மனசுதான் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனால், "டூ கிட்ட பேசுங்க மிஸ்டர் லின்" என்று நகர்ந்துவிடுவாள்.

இப்படியே போயிருக்கும்... அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

போஹான் திரைக்கு உள்ளே பூனையாகி முதுகை வளைத்துக்கொண்டிருந்தான். டூ பயிற்சிக்கான ரப்பர் பட்டை எடுக்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"பேருங்க ஐயா?" வான்நிங்கின் குரல்.

"லின்."

"அட்டையைக் குடுங்க... சரிங்க ஐயா. என்ன தொந்தரவு?"

"கட்டை விரல்மா. ரெண்டும். அப்படியே தோள் வரைக்கும் இழுக்குது. சீப்பு எடுத்துத் தலை வார முடியல. வெளிய மட்டும் சொல்லிடாதே, என் பிழைப்பு கெட்டுடும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். முதல்ல கையைத் தூக்குங்க, பார்க்கலாம்."

"நானா? நீதானேம்மா அமுக்கணும்?"

"நான் அமுக்கினா அமுக்கற நேரத்துக்குத்தான் சுகம். நீங்களே அசைச்சுப் பழகினாத்தான் நிலைக்கும்."

"அமுக்காத வைத்தியம் என்ன வைத்தியம்? நான் என்ன, போக்குவரத்து போலீஸா, சும்மா கையை ஆட்டறதுக்கு?"

போஹானால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது. முதுகில் எங்குமே சுரீர் என்று பிடிக்கவில்லை. வெடித்துச் சிரித்தான். கடகடவென்று, தடையே இல்லாமல்.

திரை பறந்து விலகியது.

கட்டை விரல்களில் வெந்நீர்ப் பையோடு கோ வைத்தியர் நின்றார். நான்கு காலில் மகன் நின்றான். நடுவில் வான்நிங், தலையில் கை வைத்துக்கொண்டு.

"நீ எங்கடா இங்க?"

"நீங்க எங்கப்பா இங்க?"

கோ வைத்தியர் கத்தப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "நீ இப்படிச் சிரிச்சு ரெண்டு வருஷமாச்சுடா. நான் அமுக்கும்போதெல்லாம் போயிடுச்சு, போயிடுச்சுன்னியே... போகலையா?"

"இல்லப்பா. போச்சான்னு கேக்கும்போது உங்க முகத்தைப் பார்த்தா... இல்லைன்னு சொல்ல வாய் வரல."

கிழவர் வெந்நீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டாள் பயலே. உன் வலி அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா, நானே இழுத்துட்டு வந்திருப்பேன்டா." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னைக்கு சூப் கடையில இருந்த பொண்ணுதானே நீ? இவனுக்கு நீதான் வைத்தியமா?"

"இப்ப இல்லைங்க ஐயா. டூ பார்க்கறாரு."

"அப்பா" என்று எழுந்து நின்றான் போஹான். ஒரே வீச்சில், எதையும் பிடிக்காமல். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். இவங்க யாரோ இல்ல. என்னை நிமிர்த்தினவங்க. உங்களுக்குப் பயந்து தெரியாதுன்னு சொன்னதிலிருந்து... எனக்குச் சோறே இறங்கலப்பா."

கிளினிக்கில் இருந்த எல்லாத் திரைகளும் லேசாக விலகின.

வான்நிங்கின் முகம் சிவந்தது. "இங்க ஏன் சொல்றீங்க... வெளிய வாங்க!"

வாசல் கூரைக்கடியில் இருவரும் நின்றார்கள். மழை, கைக்கு எட்டும் தூரத்தில்.

"கோபத்துலதானே என்னை டூ கிட்ட தள்ளிவிட்டீங்க?"

"கோபம் பாதி."

"மீதி?"

அவள் தன் கைகளையே பார்த்தாள். மழையிடம் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க ஷூ லேஸ் கட்டின அன்னைக்கு உங்க முதுகுல கை வெச்சேன்... எந்தத் தசை எங்க இருக்குன்னே மறந்துபோச்சு. அதுக்கு மேல உங்களைப் பேஷண்ட்டா வெச்சுக்கறது தப்பு போஹான். அதான் மாத்திட்டேன்."

மிஸ்டர் லின் இல்லை. போஹான்...

"அப்ப... இப்ப நான் உங்களுக்கு யாரு?"

"அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"