ஈரம் காயாத தகடு

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஈரத்துணியால் துடைத்த தகடு, பின்னேரம் அசர் தொழுகைக்கும் காயவில்லை. புத்தளத்து வெயிலில், உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் பட்டறையில், கடதாசியைவிடக் கொஞ்சமே தடித்த வெனீர் மரத்தகடு இவ்வளவு நேரம் ஈரமாய்க் கிடப்பதாவது! தச்சு வேலை செய்யும் ஓடாவி றஊப் விரலால் தொட்டு முகர்ந்தார். கடல் மணத்தது.

கற்பிட்டியில் எழும்பும் ஹோட்டல் ஒன்றின் சுவருக்கான வேலை அது. மரத்தில் வீங்கிப் புடைக்கும் கழலையை மெல்லிசாகச் சீவி, சீவிய வரிசை குலையாமல் கட்டி அனுப்பியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு தகடுகளை எடுத்து, ஒன்றைப் புரட்டி, புத்தகம் விரித்தாற்போல் அருகருகே வைத்தால் இரு பக்கமும் ஒரே கோலம் வரும். ஈரத்துணியால் துடைத்தால், பொலிஷ் போட்ட பின் எப்படியிருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். அப்படித்தான் நல்லதைப் பொறுக்குவார். கழலையில் கண்ணும் மூக்கும் தெரிவது ஓடாவிக்குப் புதிதா என்ன? ஆந்தை தெரியும், கிழவன் தெரிவான், சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

இன்று சிரிப்பு வரவில்லை. காயாத தகட்டுக்கு அடுத்ததைப் புரட்டி வைத்ததும், மரத்திலிருந்து கமீலா பார்த்தாள்.

அவருடைய மகள். தொண்ணூறில், யுத்தத்தின்போது, ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டுப் படகில் வந்தபோது, ஒரு பேரலையில் மனைவி றுக்கியாவின் கையிலிருந்து நழுவியவள். நாலு வயது. தேடியும் மையித்துக் கிடைக்கவில்லை, அடக்கிய கபுறும் இல்லை. கட்டிய துணியோடு வந்தவர்களிடம் ஒரு படம்கூட இல்லை. யுத்தம் முடிந்து சனங்கள் ஊர் பார்க்கப் போனபோதும் றுக்கியா போகவில்லை. "புள்ளட மொகமே எனக்கு மறந்து பெய்த்து, நான் எந்த மொகத்தோட அங்க போற?" என்று கேட்டு அழுதாள்.

தகட்டை மறைக்கக் கை நீட்டினார். அதற்குள் தேத்தண்ணியோடு றுக்கியா வந்துவிட்டாள். கோப்பை விழுந்து உடைந்தது.

"யா அல்லாஹ்... எண்ட புள்ள!"

"மரம் அது, றுக்கியா. வெறும் மரம்."

"ஓம், உங்களுக்கு மரம். நான் இருவது வருசமா தேடின மொகம்!"

அவளே அடுத்த சோடியை எடுத்து விரித்தாள். அதில் கமீலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அடுத்ததில் முளைத்திருந்தன. பிறகு கன்னம் வற்றியது, கழுத்து நீண்டது, மரத்தின் ரேகைகள் தலையைச் சுற்றி முக்காடாய் ஓடின. றுக்கியா ஒவ்வொன்றையும் முத்தமிட்டாள். பெருநாள் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் சாண் வைத்துத் தோளை அளந்தாள்.

"இஞ்ச பாருங்க, வாப்பாட மூக்கு அப்பிடியே இரிக்கி!"

அவள் சிரித்து எத்தனை காலம்! பாவம் மனுசன், எப்படித் தடுப்பார்? அவருக்கும் அடுத்ததைப் பார்க்க ஆசையாய்க் கிடந்தது.

ஆனால் இப்போது யாரும் துடைக்கவில்லை. தகடுகள் நனைந்தே வந்தன. தகட்டுக் கட்டிலிருந்து தண்ணீர் கசிந்து, மேசை விளிம்பால் ஒழுகி, மரத்தூளைக் கரைத்துக்கொண்டு வந்து அவருடைய கால்விரல்களைத் தொட்டது. குளிர்ந்தது. பட்டறைக்குள் அலை ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பள்ளிவாசலில் அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அது தண்ணீருக்கு மேலே, எங்கோ தூரத்தில் கேட்டது.

ஒரு சோடிதான் மிச்சம்.

"இதுல மாப்புள்ளயோட வருவா," என்றாள் றுக்கியா.

"வேணாம் புள்ள. போதும். மூடி வை."

விரித்தாள்.

மணப்பெண் இல்லை. மீண்டும் நாலு வயது. கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. முகத்துக்குக் கீழே இரண்டு சின்னக் கைகள். நீட்டியபடி.

"உம்மா."

றுக்கியா கையைக் கொடுத்தாள்.

மணிக்கட்டு வரை மரத்துக்குள் போயிற்று. முழங்கை வரை. றஊப் அவள் இடுப்பைக் கட்டி இழுத்தார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே கை இல்லை. பலகை காய்ந்து கிடந்தது.

"உடு றுக்கியா! உட்டுடு!"

அவள் திரும்பினாள். நனைந்த கன்னம் மரத்தோடு ஒட்டியிருந்தது. தோள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சிரித்தாள்.

"மாட்டன். இந்தமுற உட மாட்டன்."

மரத்துக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கைகள் வெளியே வந்தன. தூக்கச் சொல்லி அழும் பிள்ளையைப் போல, உம்மாவின் கழுத்தைக் கட்டி இறுக்கின.