பச்சை கேட்ட குரல்

மாதேஸ்வரி அந்தப் பச்சைத் துணியை எடுத்து வைக்கவே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் புருஷன் ராஜசேகர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும், கார்மென்ட்ஸில் தைத்த நான்கு வருடத்தில் சேர்த்த கட்பீஸ் மூட்டையை அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாயை விரித்து, மாம்பழ மஞ்சள் ஒரு அடுக்கு, வெங்காயக் கலர் ஒரு அடுக்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த அவனுடைய பழைய வேட்டித் துண்டுகள் ஒரு அடுக்கு என்று மூன்றாகத்தான் பிரித்திருந்தாள். சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், வேட்டித் துண்டுகளின் மேல் ஒரு கிளிப்பச்சை கிடந்தது. அதன் ஓரம் சப்பிப் போட்டாற்போல் ஈரமாக இருந்தது.

எலியாக இருக்கும் என்று அதை மூட்டைக்குள் திணித்தாள். அப்போதுதான் பேரிகை கிராமத்திலிருந்து மாமியார் மாரம்மா போன் செய்தாள்.

"ஏன்டி, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் தெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? கண்ணு பட்டுடும்."

"போன தடவ ஊசியில நூலுகூட கோக்கலயே அத்த. எட்டாம் மாசத்துல போயிடுச்சே. அப்ப எந்தக் கண்ணு பட்டுச்சு?"

மாரம்மா போனை வைத்துவிட்டாள். வைக்கட்டுமே! போன தடவை ஊர் சொன்னதையெல்லாம் கேட்டு, சிரிக்கக்கூட பயந்து கிடந்து, கடைசியில் வெறுங்கையோடு இதே வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள்தான். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒட்டுப் போர்வை உண்டு, அதுவும் அவள் கையாலேயே.

சிந்தெடிக்கை எல்லாம் ஒதுக்கினாள், குழந்தைக்கு வேர்க்கும். பனியன் துணி இழுபடும், அதுவும் வேண்டாம். சாயம் போகிறதா என்று சிவப்பை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும், மெயின் ரோட்டில் லாரிகள் போகும் இரைச்சலும், பக்கத்துப் பட்டறையின் இரும்பு வாடையும், வரிசை வீடுகளில் எங்கோ குக்கர் அடங்கும் சத்தமும் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்து, பிறகு எதுவுமே இல்லாமல் போயிற்று. வயிற்றைத் தடவிக்கொண்டு, "மஞ்சளுக்குப் பக்கத்துல என்ன கலர் வெக்கலாம் கண்ணு?" என்று கேட்டாள்.

"அசிரு."

மெல்லிய, எச்சில் ஊறிய மழலை. சுவர் பக்கமிருந்து வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசிரு என்றால் கன்னடத்தில் பச்சை. கார்மென்ட்ஸில் கூட வேலை பார்த்த அத்திப்பள்ளிப் பெண்கள் நூல் கேட்கும்போது அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்து, "பச்சயா? சரிடா ராஜா" என்று அந்தக் கிளிப்பச்சையை எடுத்து மஞ்சளோடு சேர்த்தாள். வயிற்றுப் பிள்ளை உதைக்காமல் அசையாது கிடந்தது. அதுவும் காது கொடுத்துக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் இப்படியே போனது. தினமும் மதியத்துக்கு முன் அந்தக் குரல் கேட்டது, அவளும் ஒரு பச்சை சேர்த்தாள். தைத்த இடத்தில் நூல் கடித்தாற்போல் அறுந்திருக்கும், துணியில் புளித்த பால் வாடை அடிக்கும். குரல் கேட்கும்போதெல்லாம் வயிறு கல்லாகிவிடும். பிறகு பிள்ளை அசைய ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

ஐந்தாம் நாள், வீட்டுச் சொந்தக்காரி முனிலட்சுமி தண்ணீர் மோட்டார் போட்டிருப்பதாகச் சொல்ல வாசலுக்கு வந்தாள். மாதேஸ்வரி போர்வையை விரித்துக் காட்டினாள்.

"என்னம்மா, ஒரே பச்சயா இருக்குது?"

"பக்கத்து வூட்டுப் பையன் தெனமும் அதத்தான்கா கேக்கறான்."

"அங்க பையன் ஏது? ரெண்டு ஒரிசாக்காரனுங்க. நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கிக்கினு இருக்கானுங்க."

மாதேஸ்வரி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். முனிலட்சுமி உள்ளே வந்து மெதுவாகக் கேட்டாள்: "என்னான்னு கேட்டுச்சு? அது சொன்ன மாதிரியே சொல்லு."

மாதேஸ்வரி அந்த மழலையை அப்படியே சொல்லிக் காட்டினாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அவள் காதுக்கே வேறு மாதிரி கேட்டது.

"அசிரு இல்லம்மா அது," என்றாள் முனிலட்சுமி. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே நாக்கில் பேசுகிறவள் அவள். "அசிவு. பசிக்குதுன்னு சொல்லியிருக்குது."

வயிறு கல்லாகிக் கிடந்தது. மாதேஸ்வரி அழுத்திப் பார்த்தாள். காலையிலிருந்து ஓர் உதைகூட இல்லை. வெல்லத் தண்ணீர் குடித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். ஒன்றுமில்லை. போன தடவையும் இப்படித்தான். இதே அறை. இதே மாதிரி ஒரு மதியம்.

"இரு, ஆட்டோ கூட்டியாறன். அந்தத் துணியத் தூக்கி வெளிய போடு!" முனிலட்சுமி ஓடினாள்.

"எம் புள்ளைக்குத் தெச்சது. எதுக்குப் போடணும்?" மாதேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது.

"அசிவு."

சுவரிலிருந்து இல்லை. கீழேயிருந்து.

பாயில் விரித்த போர்வையின் நடுப்பகுதி எழும்பியது. ஒரு தேங்காய் அளவு. நகர்ந்தது. அவள் மடியைப் பார்த்து.

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் வயிற்றில் இருப்பது மிஞ்சாது என்றும் தெரிந்தது. அழுகை வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது.

"போன தடவ தின்னதும் நீதானா?"

சப்புக்கொட்டும் சத்தம்.

"ச்சீ! பசின்னா என்னக் கேளு. எம் புள்ள மேல வாய வெக்காத."

இடது கையைப் போர்வைக்கு அடியில் விட்டாள்.

ஈரம். சூடு. பல்லில்லாத ஈறு ஒன்று விரலைத் தேடிக் கவ்வியது. சப்பியது. பிறகு பல் இருந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கையை இழுக்கவில்லை.

வயிற்றில் ஓர் உதை.

இன்னொன்று. பலமாக.

"உதைடி தங்கம்," என்றாள். தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டது. முனிலட்சுமி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாதேஸ்வரி வலது கையை வயிற்றில் வைத்து எண்ணினாள். நாலு. அஞ்சு. ஆறு. இடது கை முழங்கை வரை அதன் வாய்க்குள் போயிருந்தது. போர்வைக்குள் இருந்த மேடு இப்போது ஒரு வயதுக் குழந்தை அளவு இருந்தது.

"அவ்ளோதானா உன் பசி?" என்று கேட்டாள்.

மேடு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வந்தது. அவள் தோளைச் சாய்த்து இடம் கொடுத்தாள்.