படகில் கூட வந்தவள்

இரோஹா குதித்தாள், ஊசி அசையவில்லை.

தோயா ஏரிக்கரையில் இருந்த அந்த எரிமலை அறிவியல் மையத்தில், பலகைமேல் யார் குதித்தாலும் நிலநடுக்கக் கருவியின் ஊசி காகிதத்தில் கிறுக்கிக் காட்டும். தமாமியின் ஐந்து வயது மகள் இரோஹா மறுபடி குதித்தாள். கோடு நேராகவே ஓடியது.

"நீங்க குதிங்க பாப்போம்," என்றார் மையத்து ஊழியர் ஹிராகா. தமாமி அலுப்போடு குதித்தாள். ஊசி துள்ளியது.

"புள்ள ரொம்ப லேசு போலிருக்கு. உங்க குறட்டைக்கே இது ஆடியிருக்கும்மா. உள்ள எரிமலை வெடிச்ச சத்தமே அமுங்கிப் போச்சு!"

தமாமிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. முதியோர் இல்லத்தில் இரவு முழுக்கக் கண்விழித்து, விடிந்ததும் ரயிலேறி, முன்னாள் கணவனிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து, எரிமலை வெடிப்பைத் தரை அதிரக் காட்டும் மையத்து இருட்டு அரங்கில் உட்கார்ந்ததுமே அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள். விழித்தபோது விளக்கு இன்னும் வரவில்லை. துழாவிய கைக்குள் ஒரு சின்னக் கை வந்து புகுந்தது. அப்போதிலிருந்து இரோஹா வாயே திறக்கவில்லை. பிள்ளையோடு இருக்க மாதத்துக்கு ஒரே நாள்தான். அதிலும் தூங்கினால் கோபம் வராதா? தமாமிக்கு வெட்கமாக இருந்தது.

"கோவமா கண்ணு? வா, படகுல போயி தீவுல மான் பாக்கலாம்."

படகு கிளம்பியது. மூடுபனியில் கரை மறைந்தது. இயந்திரத்தின் உறுமல் காலடியில் ஓடிக்கொண்டே இருக்க, மையத்தில் அடித்த, அதன் வாசலோடு நின்றிருக்க வேண்டிய கந்தக நெடி நடு ஏரியிலும் விடாமல் வந்தது. பக்கத்தில்தான் எங்கேயோ இருந்து. மிகப் பக்கத்தில்.

கைப்பேசி அடித்தது.

"ஹிராகா பேசறேம்மா. உங்க பொண்ணு இங்க அரங்குல, இருக்கைக்கு அடியில உக்காந்து அழுதுட்டிருக்கா. சட்டையில குத்தியிருந்த அட்டையில உங்க நம்பர் இருந்துச்சு. உங்க கூடத்தானே வெளிய வந்தா? எப்பம்மா திரும்பி வந்தா?"

தமாமி கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு குரல். அவள் பெற்ற பிள்ளையின் குரல்.

"அம்மா, என்ன விட்டுட்டு ஏன் அவகூடப் போன?"

தமாமி குனிந்து பார்க்கவில்லை. பயம். கையை மட்டும் இழுத்தாள். வரவில்லை. சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, இரண்டாம் சுற்றைத் தொடங்கியிருந்தன.