நான்காவது தொட்டியின் எடை

நான்காவது தொட்டி கனத்தது.

நோலீன் அதைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து மூச்சு வாங்கி, மறுபடியும் குனிந்து அதன் இரு காதுகளையும் பிடித்து ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நேற்றைய வெயிலின் சூடு இன்னும் ஆறவில்லை. முதல் மூன்று துணித்தொட்டிகளும் பன்னிரண்டு கிலோ, காய்ந்த மண், தண்ணீர் கேட்கும் எடை. இது பதினான்கு. நேற்று மாலை இதுவும் பன்னிரண்டாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, மழை பெய்தும் ஆறு வாரமாகிறது.

அவளுக்குத் தராசு வேண்டியதில்லை. குவீன்பியனில் ஒரு தீவனக் கடையில் இருபத்திரண்டு வருடம் கோதுமைத் தவிடும் குதிரைத் தீனியும் தூக்கிக் கொடுத்தவள். மூட்டையில் அரைக்கிலோ குறைந்தால் லாரிக்காரனை நிறுத்தி வைத்துச் சண்டை பிடிப்பாள், எடை போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். இப்போது அறுபத்து மூன்று வயது, முழங்கால் போய்விட்டது, கை மட்டும் போகவில்லை.

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டாள். வறட்டுப் பொடி. நகத்தடியில் தூசிதான் ஒட்டிக்கொண்டு வந்தது.

தொட்டிச் செடிகள் நான்கும் கிளெனுக்காக. கான்பெராவில் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். புற்று அவள் கணவனின் எலும்புக்குள் இறங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. மருத்துவமனை கொடுத்த மாத்திரைகளை அவன் விழுங்கிய வேகத்திலேயே வாந்தியெடுத்தான். பருவம் பார்க்காமல் தானாகப் பூக்கும் ரகம் இது, முளைத்ததிலிருந்து எழுபத்தைந்தே நாளில் பூவைக் கொய்து எண்ணெய் காய்ச்சிவிடலாம். டாக்டர் சொன்னது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தின் கடைசிச் சில நாட்களாவது அவன் கத்தாமல் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவசரக்கார ரகம் என்பதால் தப்பு செய்தால் மன்னிக்காது. வேறு செடி வாடினால் ஒரு மாதம் கூட விட்டுத் தேற்றலாம், இதற்கு அந்த அவகாசம் கிடையாது. இடம் மாற்றினால் முடங்கும் என்று முதல் நாளே முப்பது லிட்டர் தொட்டியில் விதைப்பார்கள். அவ்வளவு பெரிய தொட்டியில் கட்டைவிரல் அளவு நாற்றுக்கு முழுக்கத் தண்ணீர் விட்டால் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே தண்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வளையமாக ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். செடி வளர வளர வளையம் விரியும். உரம் என்றால் புட்டியில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு. இதையெல்லாம் கிளென் படுத்தபடியே போனில் பார்த்துச் சொல்ல, அவள் செய்வாள்.

நான்காவது, கூட்டத்தில் நோஞ்சான். ஆறாம் நாளே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. கூரை மழைநீர் சேரும் மழைத்தொட்டியில் நீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் அதை மற்ற மூன்றுக்கும் வைத்துக்கொண்டு, இதற்குக் கிளெனின் உடம்பு துடைத்த தண்ணீரை ஊற்றினாள். பழைய வறட்சி வருடங்களில் பிடித்த பழக்கம், குளியலறையில் எப்போதும் ஒரு வாளி இருக்கும், ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாது. சோப்புகூட அவன் தோலுக்கு ஆகாதென்று நிறுத்தியாயிற்று. வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். இன்று பத்தொன்பதாம் நாள், நான்கில் அதுதான் உயரம். இலைகள் கருப்பு என்று சொல்லுமளவுக்குப் பச்சை.

உள்ளே போனாள். கிளென் விழித்திருந்தான்.

"என்னடி, முகம் ஒரு மாதிரியிருக்கு?"

"நாலாவது கனக்குது. தண்ணியே விடல."

"திருட்டுத்தனமா ஏதாவது ஊட்டுறியா அதுக்கு?"

"நீ குளிச்ச தண்ணிதான்யா."

"அப்ப சத்தெல்லாம் என் அழுக்குலதான் இருக்கு. நாப்பது வருஷம் கூரை வேலைல சேத்த அழுக்கு, சும்மாவா."

சிரித்ததில் அவனுக்கு நாக்கு வறண்டது. டம்ளரில் கொடுத்தால் புரையேறும், நர்ஸ் கொடுத்த பஞ்சுக் குச்சியில் ரப்பர் நாற்றம் என்று துப்பிவிடுவான். அவள் விரலைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை உறிஞ்சினான். ஒரு மாதமாக அவன் தண்ணீர் குடிப்பது இப்படித்தான், முதலில் இருவருக்குமே வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

பிறகு நாற்காலிக்கு மாற்ற அவன் அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். போன வியாழக்கிழமை நர்ஸ் எடை பார்த்தபோது ஐம்பத்து நான்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்கியவள் தேவைக்கு மேல் பலம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு எட்டு தடுமாறினாள்.

ஐம்பத்திரண்டு என்றது கை.

"முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றான் கிளென்.

"இல்ல."

"எனக்கும் இல்ல, நோல். ராத்திரி ஒரே தூக்கம். எங்கயும் வலிக்கல."

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து, அந்தச் சத்தத்தில் அழுதாள். சந்தோஷம்தான். எட்டு மாதத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை. அழுது முடித்ததும் குழாயடியில் வாளியை இழுத்து வைத்தாள்.

அடுத்த சில நாட்களில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், பாதியில் விட்டுவிட்டு முற்றத்துக்குப் போவாள், தொட்டியைத் தூக்கிப் பார்ப்பாள், உள்ளே வந்து கிளெனின் தோளடியில் கை கொடுத்துப் பார்ப்பாள், மறுபடி வெளியே போவாள். பதினெட்டு. நாற்பத்தெட்டு. இருபத்து மூன்று. நாற்பத்து மூன்று. தண்ணீர் ஊற்றும்போது அந்தத் தொட்டியில் மட்டும் ஒரு சத்தம் வந்தது. மற்ற மூன்றிலும் நீர் மண்ணில் பரவி மெல்லச் சுவறும். இதில் வளையம் போட்டு முடிப்பதற்குள் மடக் மடக்கென்று இறங்கிவிடும், மேல்மண் உடனே வெளுக்கும், அடித்தட்டில் ஒரு சொட்டும் கசியாது. வாசமும் கஞ்சா வாசமில்லை. மழித்த கன்னத்தில் ஒட்டியிருக்கும் வாசம். வழக்கமாக விடியற்காலையில் கூச்சல் போட்டுக்கொண்டு எதையாவது பிய்த்துப் போடும் வெள்ளைக் கிளிகள் மூன்று தொட்டிகளின் விளிம்புவரை வந்து, நான்காவதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வேலிக்குத் திரும்பின.

வேலிக்கு அப்பால் ஸ்டோயன் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது மாசிடோனியக்காரர், இந்தத் தெருவுக்கு அவர்களுக்கு முன்பே வந்தவர்.

"ஏம்மா கஞ்சாக்காரி, அந்த நாலாவதுக்கு மட்டும் என்ன போடுற? என் மிளகாய்க்கும் கொஞ்சம் குடேன்."

"ஒண்ணும் போடல. கொஞ்சம் நிழல்ல தள்ளி வச்சுத் தர்றீங்களா? முழங்கால் ஒத்துழைக்கல."

கை பொய் சொல்கிறதோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஸ்டோயன் வந்தார், குனிந்தார், காதைப் பிடித்து இழுத்தார். தொட்டி அசையவில்லை. மறுபடி இழுத்தவர் சட்டென்று கையை விட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்து மூன்று தொட்டிகளையும் தொட்டுப் பார்த்தார்.

"அடியில கல்லு வச்சிருக்கியா?"

"மண்ணுதான்."

"சூடா இருக்கு."

"வெயில்ல நிக்குதுல்ல."

"மத்த மூணையும் தொட்டுப் பாத்தேனே." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதிகமா ஊட்டாத, நோலீன். சில செடிக்குப் போதும்னு சொல்லத் தெரியாது." போகும்போது வேலிக் கதவின் கொண்டியைப் போட்டுவிட்டுப் போனார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் போட்டதே இல்லை.

இருபத்தாறாம் நாள் கிளெனைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்க முடிந்தது. அவன் இளைக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அதே கன்னம், அதே அகலத் தோள், அதே முட்டி பெருத்த விரல்கள். ஆனால் தலையணை குழியவில்லை. அவன் புரண்டால் கட்டில் முனகவில்லை. முப்பது கிலோ.

"பயமா இருக்கு, கிளென்."

"எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நீ கொறஞ்சுக்கிட்டே போற."

"கொறஞ்சது வலிதான்டி. கெடுத்துராத."

அன்று மதியம் நர்ஸ் போன் செய்தபோது, வலி குறைந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறார், இந்த வாரம் வர வேண்டாம் என்று நோலீன் சொன்னாள். சொன்னது அத்தனையும் உண்மை. 

மாலையில் முடிவெடுத்தாள். உடம்பு துடைத்த தண்ணீரை வாளியோடு சாக்கடையில் கொட்டினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அது சுழன்று இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நான்காவது செடியின் இலைகள் தொங்கின. உள்ளே கிளென் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மழைத்தொட்டித் தண்ணீரை வளையமாக ஊற்றிப் பார்த்தாள். அது மண்மேல் தேங்கியே நின்றது, உள்ளே இறங்க மறுத்தது. அடுத்த நாள் தண்டு வளைந்தது. கிளென் கத்தினான். பிறகு குரல் போய், வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் கத்தினான். மாத்திரை உள்ளே போகவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடப் போனை எடுத்தவளின் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். பிடியில் எடையே இல்லை.

"தொடச்சு விடு, நோல்."

"வேண்டாம்."

"தொடச்சு விட்டு, எடுத்துட்டுப் போ. தெரியும் எனக்கு. எடுத்துட்டுப் போடி."

அவளுக்கும் தெரியும். வைத்துக்கொண்டால் வலி, விட்டுக்கொடுத்தால் அவனே இல்லை. தன் கிளெனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே எடுத்துப் போகச் சொல்கிறான். நெற்றி, கழுத்து, மார்பு, விரலிடுக்கு என்று துடைத்தாள். துணியைப் பிழிந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தொட்டி குடித்தது. மடக். மடக். முடிந்ததும் விளிம்புவரை மண் ஒருமுறை ஏறி இறங்கியது.

உள்ளிருந்து கிளென் பெருமூச்சு விடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் தொட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள்.

விடிந்துவிட்டது. காற்று இல்லை. எங்கோ காட்டுத்தீப் புகையின் நாற்றம். கிளென் நேற்றிலிருந்து பேசவில்லை. கண் திறந்திருந்தது, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வலியில்லாத முகம்.

"கிளென்."

போர்வையை விலக்கினாள். அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். ஒண்ணு. ரெண்டு. மூன்று சொல்லத் தேவைப்படவில்லை. கையோடு வந்துவிட்டான்.

பன்னிரண்டு.

கை அந்த எடையை உடனே அடையாளம் கண்டுகொண்டது. தினமும் காலையில் மூன்று முறை தூக்கும் எடை. காய்ந்தது. தண்ணீர் கேட்கும் எடை.

படுக்க வைத்தாள். விரலை நனைத்தாள். உதட்டில் வைத்தாள். உதடு மூடவில்லை. விரலை இன்னும் உள்ளே விட்டாள். நாக்கில்லை. ஈரமில்லை. வெளியே எடுத்தாள். நகத்தடியில் தூசி.

எப்படி முற்றத்துக்கு வந்தாள் என்று தெரியவில்லை. நான்காவது செடி இடுப்பளவுக்கு நின்றது. ஒரு இலையும் ஆடவில்லை. மற்ற மூன்று தொட்டிகளும் தட்டில் நின்றன. நான்காவதன் கீழ் தட்டு நொறுங்கி, சிமெண்டு விரிசல் விட்டிருந்தது.

மண்டியிட்டாள். பழக்கம் விடவில்லை. ஆள்காட்டி விரல். முதல் கணு, பொடி. இரண்டாம் கணு, பொடி. இன்னும் அழுத்தினாள்.

வெதுவெதுப்பு.

முள் முள்ளாக ஏதோ உராய்ந்தது. இரண்டு நாளாக மழிக்காத தாடி. அது அவளுக்குத் தெரியும். அதற்கு நடுவே மென்மையாக, வெடிப்பு விழுந்து, ஒரு விளிம்பு. அது திறந்தது.

விரலைச் சுற்றி மூடியது.

ஒருமுறை உறிஞ்சியது. காத்திருந்தது. இன்னொரு முறை.

நோலீன் விரலை எடுக்கவில்லை. இடது கை மட்டும் பின்னால் நீண்டு, தரையைத் தடவி, வாளியைத் தேடியது.