பதினாறாயிரம் பேரின் மௌனம்

இடைவேளையில் மாதவரம் பெருங்கூடத்தின் விளக்குகள் எரிந்ததும், லோகித் தன் காதிலிருந்த செவிமணிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி சம்யுக்தா சோளப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோகி, டிரம்மே கேக்கலையே? கிட்டாரும் பாட்டும் மட்டும்தான கேக்குது."

லோகித் சிரித்தார். லோகித் என்றதும் இளவட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். வயது அறுபத்திரண்டு. 'எட்டாம் மாடி' ராக் இசைக்குழுவின் ரசிகர் மன்றச் செயலாளர். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அந்தக் குழுவின் ஒரு கச்சேரியைக்கூட விட்டவரில்லை. ஆயிரம் பேர் அடித்தாலும் எது தணிகையின் அடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்பது அவருடைய நிரந்தரப் பெருமை.

"மணி போடாம வெறுங்காதோட வந்து உக்காந்தா எப்படிக் கேக்கும்? தணிகை அண்ணன் இன்னைக்கு உயிரக் குடுத்து அடிக்கிறாரு. உனக்கு ஞானம் அவ்ளோதான்."

சம்யுக்தாவுக்குக் காதில் எதைச் செருகினாலும் அரிக்கும். அதனால் ஊரே அணியும் செவிமணியை அவள் அணிந்ததில்லை. குன்றிமணி அளவேயான அந்த நீலப் பொட்டு, வரும் ஒலியைக் கேட்பவரின் மனதில் உள்ள ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்ததை நிரப்பும், உறுத்துவதை வடிகட்டும். பாடகர் ரெக்ஸுக்கு எழுபது வயதாகித் தொண்டை கட்டிப்போனபோது, மேடைக் கச்சேரிகளைக் காப்பாற்றியது இதுதான். ரசிகன் காதில் ரெக்ஸுக்கு என்றைக்கும் இருபத்தெட்டு வயது.

டிரம்ஸ் தணிகை மட்டும் கண்ணில் படுவதேயில்லை. கூச்ச சுபாவம். தொடக்க நாளிலிருந்தே புகைத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வாசிப்பார். அன்றும் புகை அடர்த்தியாகவே இருந்தது.

கடைசிப் பாட்டு 'இருட்டு ரயில்'. அதன் நடுவே 'கண்மூடல்' உண்டு. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில் பாட்டின் பாதியில் மின்சாரம் போனது. கும்மிருட்டில் தணிகை ஒருவர் மட்டும் இரண்டு நிமிடம் விடாமல் அடித்தார். அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் விளக்கெல்லாம் அணையும், மொத்தக் கூட்டமும் கண்ணை மூடிக்கொள்ளும். முடிவில் "ஏ ரயிலு!" என்று முதல் குரல் கொடுப்பது செயலாளரின் உரிமை.

விளக்குகள் அணைந்தன. லோகித் கண்ணை மூடினார். இடி இறங்கியது. தடதடவென்று தண்டவாளம் அதிர, அந்தப் பழைய ரயில் அவர் நெஞ்சுக்குள் ஓடியது. அவர் தரையை மிதித்தார், விசிலடித்தார்.

"பின்றாருய்யா தணிகை அண்ணன்! அறுபத்தொம்போது வயசுல என்னா அடி!"

யாரோ அவர் காதைப் பிடித்துத் திருகினார்கள். சம்யுக்தாதான். இரண்டு மணிகளையும் பிடுங்கி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள்.

"கத்தாத, லோகி! அந்த மனுசன் என்ன சொல்றாருன்னு கேளு!"

ரயில் நின்றுவிட்டது. டிரம்ஸ் இல்லை. பதினாறாயிரம் பேர் தரையை மிதிக்கும் சத்தமும் விசிலும் மட்டும். அதற்கு அடியில், கரகரத்து நடுங்கும் ரெக்ஸின் கிழட்டுக் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"...முந்தாநாள் போய்ட்டான். வெளிய யாருக்கும் சொல்லல, உங்ககிட்ட நாங்களே சொல்லணும்னுதான். அவன் சீட்டுல இன்னைக்கு யாரும் இல்ல. இந்த ரெண்டு நிமிஷமும் தணிகைக்காக அமைதியா இருங்க... இன்னும் ஒரு நிமிஷம்..."

செத்துப்போன மனிதனின் அடியைக் கேட்டுத்தான் லோகித் இவ்வளவு நேரம் துள்ளியிருக்கிறார். மனைவிக்கு ஞானமில்லை என்று வேறு சொல்லியிருக்கிறார். அவமானம் கழுத்துவரை சூடாக ஏறியது.

"கத்தாதீங்க! யாரும் கத்தாதீங்க!" என்று பக்கத்தில் இருந்தவரின் தோளை உலுக்கினார். அவரோ கண்ணைத் திறக்காமலே சிரித்து, இன்னும் ஓங்கி மிதித்தார். இந்தக் கூச்சலையும் அவர் மணி ஆரவாரமாக்கியிருக்கும். செயலாளர் குரல் கொடுக்காமலே கூட்டம் "ஏ ரயிலு!" என்று கூரை அதிரக் கத்தியது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் செயலாளருக்கு அனுமதி உண்டு. இன்று மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்று லோகித் போனார். சம்யுக்தாவும் உடன் வந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த ரெக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பற்றினார்.

"லோகித்! பதினாறாயிரம் பேருடா. ஒரு இருமல்கூட கேக்கல. அப்படி நின்னீங்களே!"

ரெக்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார்.

"அஞ்சு வருசம் முன்ன அவனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துருச்சு. இடது கையால மட்டும் புதுசா ஒரு தாளம் கட்டி வாசிச்சான். 'எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க ரெக்ஸு'ன்னு சாகுறவரைக்கும் சொல்லிட்டு இருந்தான். உன் பேரச் சொல்லித்தான் சொல்வான்."

ஐந்து வருடம். எத்தனை கச்சேரி! அந்த ஒற்றைக் கைத் தாளத்தில் ஒரு அடிகூட லோகித் கேட்டதில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க. நாங்க யாரும் அமைதியா நிக்கலண்ணே. கத்தினோம், விசிலடிச்சோம். நானும்தான் கத்தினேன். அவரோட அந்தத் தாளத்த ஒருநாளும் கேட்டதே இல்ல."

ரெக்ஸ் தலையாட்டினார். கண்ணீர் வழிந்தது. "இந்த வார்த்த போதும்டா எனக்கு."

அப்போதுதான் லோகித் பார்த்தார். ரெக்ஸின் காதிலும் அந்த நீலப் பொட்டு இருந்தது.

சம்யுக்தா அவர் முழங்கையை இடித்து, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவரை மணியைக் கழற்றச் சொல் என்று அர்த்தம். ஒரு விரல் சைகை போதும். லோகித்தின் விரல் பாதிவரை எழுந்தது. ரெக்ஸின் முகத்தில் அப்படியொரு நிறைவு. எழுந்த கை இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது. "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. மூலக்கடைப் பாலம் தாண்டியதும் சம்யுக்தா திரும்பிக் கேட்டாள்.

"பாவம்னு விட்டியா, மானம் போகும்னு விட்டியா?"

லோகித் சட்டைப் பையில் கைவிட்டு, மணிகளை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். அவள் மறுபடியும் கேட்டாள். உதடுகள் நெடுநேரம் அசைந்தன. "பாவம்னுதான விட்ட?" என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

"ஆமா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.