36.8 என்னும் பொய்ச்சாட்சி

காலை 8.05. ஹார்லிங்கன் துறைமுகத்தின் பின்தெருவில் ஒரு வீட்டில் ஒன்று காணாமல் போயிருந்தது. பறிகொடுத்தவன் மென்னோ, பிறந்து ஐந்தாம் நாள். காணாமல் போனது அவனுடைய அழுகை. வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை என்பதுதான் விசேஷம்.

ராத்திரி முழுக்கத் தங்கமாகத் தூங்கினான் என்று பெருமையோடு கதவைத் திறந்தான் அப்பா யெல்மர். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு எட்டு நாள் வந்து தாயையும் சேயையும் கவனிக்கும் தாதி ரென்ஸ்கா, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஐந்து நாள் பிள்ளை தங்கமாகத் தூங்கினான் என்றால் அவள் நேரே தொட்டிலுக்குத்தான் போவாள்.

8.10. அம்மா ஹிஸ்கா எழுப்பிப் பால் கொடுத்தாள். மென்னோ இரண்டு முறை சப்பிவிட்டு வாய் தளர்ந்து தூங்கிப்போனான். நேற்று மாலை வந்த ஆறு விருந்தாளிகள், ஆண்பிள்ளை பிறந்தால் கொடுக்கும் நீல மிட்டாய் தூவிய ரஸ்க்கைக் கடித்துக்கொண்டே மாற்றி மாற்றித் தூக்கியதில் களைத்துவிட்டான் என்பது ஹிஸ்காவின் கட்சி. காய்ச்சலும் இல்லை என்று யெல்மர் குறிப்பேட்டை நீட்டினான். முத்து முத்தான எழுத்து. இரவு பதினொன்று: 36.8 டிகிரி செல்சியஸ், இயல்பான சூடு. காலை ஏழு: 36.8.

ரென்ஸ்காவுக்கு அந்தத் தம்பதிமேல் கொள்ளைப் பிரியம். ஆனால் ஏட்டில் இருப்பதை எல்லாம் நம்பிவிடும் ஆள் அல்ல அவள். மூச்சை எண்ணினாள்: நிமிடத்துக்கு எழுபது, அறுபதைத் தாண்டக்கூடாது; ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய முனகல். டயபர் விடியற்காலையிலிருந்து நனையவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டாள். போர்வைக்கு மேல் வலப்பக்கம் ஓர் உலோக வெந்நீர்க் குடுவை. இடப்பக்கம் இன்னொன்று.

8.14. விசாரணை தொடங்கியது.

"நேத்து நான் கிளம்பும்போது தொட்டில்ல குடுவையே இல்லையே, யெல்மர்?"

"இல்ல."

"எப்ப வச்சீங்க?"

"ஒன்பது மணிக்கு. 36.2 இருந்துச்சு. குறைஞ்சா குடுவை வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்புறம்?"

"ஏறல. இன்னொண்ணு வச்சேன். சரியாயிடுச்சு."

"அந்த 36.2 ஏட்டுல இல்லையே."

யெல்மர் காதுவரை சிவந்தான். "சரியானப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். நீங்க பாத்தா, இவனுக்கு ஒரு பிள்ளையப் பாத்துக்கத் தெரியலன்னு நினைப்பீங்களோன்னு..."

ரென்ஸ்காவின் கை அதற்குள் போனில் இருந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் அவள் பேசியது நாலே வாக்கியம். 8.29க்கு ஆம்புலன்ஸ் வந்தது. 9.10க்கு மருத்துவமனையில் மென்னோவின் ரத்தத்தை எடுத்தார்கள்; முடிவுக்குக் காத்திராமல் உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். சோதனை முடிவு வரும்வரை பொறுத்திருந்தால் பிள்ளை தாங்கமாட்டான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள் மாலை 4.20. முடிவு வந்தது. மென்னோ அபாயத்தைத் தாண்டிவிட்டான். விடுப்பு நாளிலும் வந்து உட்கார்ந்திருந்த ரென்ஸ்கா குற்றவாளியின் பெயரைச் சொன்னாள்: பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பல தாய்மார் உடம்பில் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும் கிருமி, பிள்ளையின் ரத்தத்தில் புகுந்திருந்தது.

"பெரியவங்களுக்கு ரத்தத்துல கிருமி ஏறினா உடம்பு கொதிக்கும். பச்சப்பிள்ளைக்குச் சில நேரம் சில்லிட்டுப் போகும். அதுவரைக்கும் குடுவையே வேண்டாதவனுக்கு ஒரே ராத்திரியில ரெண்டு வேணும்னா, அங்கதான் துப்பு இருக்கு. அந்த 36.8 உங்க பிள்ளையோடது இல்ல, குடுவை குடுத்தது."

"அப்ப நானும் கூட்டாளிதான்," என்றான் யெல்மர்.

"நாம ரெண்டு பேருமே. குடுவை வைங்கன்னு சொன்ன நான், ரெண்டாவது தேவைப்பட்டா உடனே கூப்பிடுங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். ஆனா நான் கேட்டதும் வெக்கத்தப் பாக்காம உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுலதான் உங்க மகன் பொழைச்சான்."

யெல்மர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஹிஸ்கா, மருந்து ஏறும் குழாய் விலகாமல் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.