மூன்றாவது சிப்பின் பங்கு

குவோ நாற்காலியில் உட்காருமுன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"லியாவ் அக்கா, என் கம்பெனிக்குள்ளயே ஒரு கருங்காலி இருக்கா. யாருன்னும் தெரியும். ஆதாரம்தான் இல்ல."

தைவானின் ஷின்ச்சூ நகரில் கணினிச் சிப் செய்கிறவர்களுக்கு ஏதாவது வில்லங்கம் என்றால் லியாவ் அம்மாளிடம்தான் வருவார்கள். அம்மாள் அவசரப்பட மாட்டார். அந்த வேலையை அவருடைய உதவியாளர் வெய்காங் பார்த்துக்கொள்வார். நாற்பது வயதாகியும் அடங்காத ஆள். இப்போதும் இறைச்சி உருண்டை சூப்பை ஆறவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். குவோவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஆறு சிப்கள். வருகிற மின்சாரத்தை அவற்றுக்குப் பங்கு பிரிப்பது பெய்ஜுன் என்ற பெண் எழுதிய கணினி நிரல். சூடேறிய சிப்புக்குக் குறைக்கும், குளிர்ந்திருப்பதற்குக் கூட்டும். சுமை சரியாகப் பிரிந்தால் மின்சாரம் வீணாகாது. நாளை அதை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். இந்த நேரம் பார்த்துப் பங்கு பிசகுகிறது.

"போன வாரம் அஞ்சாவது சிப்பைப் பட்டினி போட்டுச்சு, இப்ப மூணாவதை. மத்ததுங்க தலையில சுமை ஏறி மின்சாரம் பாழாகுது. பெய்ஜுன் மூடியைத் திறந்து பாக்குறப்ப மட்டும் ஒழுங்கா ஓடும்! அவ போனதும் நான் மூடி வச்சா மறுபடி பிசகும். போட்டிக்காரன்கிட்ட விலை போயிட்டா, அக்கா. இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கப்போறேன். போலீசுக்கும் போவேன்."

"முதல்ல பெட்டியைப் பார்ப்போம்" என்று லியாவ் அம்மாள் குடையை எடுத்தார்.

பெட்டி இடுப்புயரம் இருந்தது. மூடி முழுக்கக் காற்றுக்கான துளைகள். அதன் மேல் தலையணை அளவில் ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம். ஷின்ச்சூவில் அது இல்லாத இயந்திரம் ஏது? பொட்டலம் பச்சை நிறமாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. அப்போதுதான் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. பொட்டலம் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. புதுசு போலிருக்கிறது என்று வெய்காங் நினைத்துக்கொண்டார்.

"அக்கா, பெட்டி பக்கத்துல நிக்கிறாளே அந்தப் பெய்ஜுன், நம்மைப் பாக்கவே மாட்டேங்குறா" என்று கிசுகிசுத்தார்.

"உன்னைத் திருடன்னு சொன்னா நீ மட்டும் பாப்பியா?"

பெய்ஜுன் தெளிவாகப் பேசினாள். "நிரல்ல தப்பில்ல, மேடம். மூணாவது சிப் நிஜமாவே சூடாகுது, அதான் குறைக்குது. ஏன் சூடாகுதுன்னுதான் பிடிபடல. ஒரு வாரமா என்கூட யாரும் சாப்பிட உக்கார்றதில்ல."

"மூடியைத் திறம்மா."

பெய்ஜுன் பொட்டலத்தை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். எல்லோரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். லியாவ் அம்மாள் மட்டும் மேசைக்குப் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல் பொட்டலத்தின் மேல் புறங்கையை வைத்தார்.

"இதை வச்சது யாரு?"

"நான்தான்" என்றார் குவோ பெருமையாக. "பழசு சின்னது, தேதி முடிஞ்சுபோச்சு. பெரிய காரியமாச்சேன்னு பெருசா வாங்கினேன். முதல்ல ஓரமா வச்சேன். சரிவரலன்னு நடுவுக்கு நகர்த்தினேன்."

லியாவ் அம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தார். "மூடியை மட்டும் மூடு, வெய்காங். பொட்டலம் இங்கேயே கிடக்கட்டும்." பிறகு குவோவிடம் திரும்பினார். "நிரல் தப்புன்னா மூடி திறந்திருந்தாலும் தப்பாத்தான் ஓடும். சிப் கெட்டிருந்தா அந்த ஒண்ணுதான் கெடும். அஞ்சுலேருந்து மூணுக்கு நோவு நடந்து போகாது. அப்ப இடம் மாறினது எது? இவ திறந்தா மட்டும் சரியாகுதுன்னீங்க. திறக்கணும்னா முதல்ல எதை எடுக்கணும்?"

"ஐயோ, பொட்டலம்!" என்று வெய்காங் கத்திவிட்டார்.

"சுடுது பாரு. அதான் உள்ள காத்து விரிஞ்சு உப்பியிருக்கு. கீழே இருக்கிற சிப்போட மூச்சை இது அடைக்குது. நிரல் அந்தச் சூட்டைப் பாத்து ஒழுங்காப் பங்கைக் குறைச்சிருக்கு."

திரையில் மூன்றாவது சிப்பின் கோடு மெல்ல ஏறி மற்றவற்றோடு சமமாக நின்றது. மூடியிருந்தும் பிசகவில்லை.

குவோவின் முகம் செத்துவிட்டது. "பெட்டியை ஆணி ஆணியாக் கழட்டினோம். இதை யாருமே சந்தேகப்படல."

"இதைச் சந்தேகப்பட யாருக்குத் துணிச்சல் வரும்? இவளைச் சந்தேகப்படுறது சுலபம்."

குவோ தரையைப் பார்த்தார். "பெய்ஜுன், என் ரூமுக்கு வாம்மா. தனியாப் பேசணும்."

"பழி போட்டது எல்லார் முன்னாலயும். மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா, சார்?" என்றாள் பெய்ஜுன்.

வெய்காங்குக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. லியாவ் அம்மாள் முறைத்ததால் அடக்கிக்கொண்டார்.

குவோ கதவை அகலத் திறந்துகொண்டு பெரிய கூடத்துக்கு நடந்தார். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி பெய்ஜுனின் முழுப்பெயரையும் சொல்லி, தப்பு என்னுடையது என்று அவள் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். ஒரு வாரமாக அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.